இரு நகரங்கள் ஒரு மாநகராகுமா?

அண்மையிலுள்ள இரு நகரங்கள் ஒருங்கே வளர்ந்து வருமிடத்து, அவை காலப்போக்கில் ஒரே மாநகராய்விடுமோ என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. தேசப்படத்திற் காணப்படும் இரு புள்ளிகள் ஆண்டுதோறும் பருத்து ஒன்றையொன்று நெருங்குவதைக் காண்போர், இன்னுஞ் சில ஆண்டுகளில் இவை தொட்டுவிடும் என்றும், தொட்டபின் ஒன்றாகிவிடும் என்றும் முடிவு கூறுதல் வழக்கம். இம்முடிபு முற்றும் பிழையென்று கூறுதற்கில்லை. ஆயினும் தொடுதல் வேறு, ஒன்றாதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாவிடின், வீதியை எங்கே அமைப்பது, நீரை எங்கிருந்து பெறுவது, வரியை யார் விதிப்பது, அதனை யாருக்காகச் செலவிடுவது என்னும் கேள்விகளுக்குத் தக்க விடை காணல் அரிது. உரிய காலத்தில் இவற்றிற்கு விடை காணாத நகரங்கள் பின்னர் பெருவிலை கொடுக்க நேர்ந்துள்ளது. ஆதலின் இவ்வினா வெறும் ஆரூடமன்று, ஆராய்ந்து தெளிதற்குரியதொன்றாகும்.

நகரங்கள் பரந்து ஒன்றோடொன்று கலத்தலை முதன்முதல் ஒரு தனிநிகழ்ச்சியாகக் கண்டு அதற்குப் பெயரிட்டவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் ஆவர். 1915ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், பல நகரங்கள் வளர்ந்து ஒன்றாய்ப் பரவிய நிலப்பரப்பைக் குறிப்பதற்கு அவர் ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். அதனை நாம் 'நகர்த்தொகுதி' எனத் தமிழில் வழங்கலாம். இவரே 1921இல் கொழும்பு நகரின் அமைப்புப் பற்றியும் ஓர் அறிக்கை வரைந்தவர் என்பது நம் நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் 1961இல் புவியியலறிஞர் ஜான் கொத்மன், பொஸ்ரன் முதல் வாஷிங்ரன் வரையுள்ள நகரங்களின் தொடரைப் பேராய்வு செய்து, நகர்த்தொகுதிகளும் தம்முள் இணைந்து மேலும் பெரியதொரு தொடராகலாம் என்று காட்டினர்.

மூவகை இணைப்பு

இரு நகரங்கள் இணைந்தன என்று கூறும்போது நாம் மூன்று வெவ்வேறு செய்திகளை ஒருசொல்லால் உரைக்கின்றோம். முதலாவது நிலத்தின் இணைப்பு. இடையிலிருந்த வயலும் காடும் மறைந்து, கட்டடங்கள் இடையறாது தொடர்தல் இதுவாகும். இரண்டாவது வாழ்வின் இணைப்பு. ஒரு நகரிற் குடியிருப்போர் மற்றை நகருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளுதலும், இரண்டிற்கும் ஒரே சந்தையும் ஒரே தொழிற்களமும் ஏற்படுதலும் இதன்பாற்படும். மூன்றாவது ஆட்சியின் இணைப்பு. இரு நகரசபைகள் கலைந்து ஒரு சபையாதல் இதுவாகும்.

இவை மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்தே வரல்வேண்டும் என்னும் நியதியில்லை. கொழும்பிலிருந்து காலி வீதிவழியே தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவன் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என்னும் இடங்களைக் கடந்து செல்கையில், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையைக் கட்டடங்களைக் கொண்டு உணர்தல் அரிது. அங்கு வாழ்வோரிற் பலர் கொழும்பிலே தொழில் செய்கின்றனர். எனினும் கொழும்பு, தெகிவளை-கல்கிசை, மொறட்டுவை ஆகியவற்றுக்கு வெவ்வேறு மாநகரசபைகள் உள்ளன. முதலிரண்டு இணைப்புகளும் நிகழ்ந்து மூன்றாவது நிகழாமைக்கு இது நாம் நன்கறிந்த சான்றாகும்.

இணைந்தனவும் இணையாதனவும்

வரலாற்றிலே முற்றாக இணைந்த நகரங்களும் உள. தன்யூப் ஆற்றின் இருகரையிலும் இருந்த புடா, பெஸ்ற் என்னும் நகரங்களுக்கிடையே 1849இல் நிலையான பாலம் ஒன்று திறக்கப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1873இல், அவை பழைய புடாவுடன் சேர்ந்து புடாபெஸ்ற் என்னும் ஒரே நகராயின. நியூயோர்க்கையும் புரூக்ளினையும் இணைத்த பாலம் 1883இல் திறக்கப்பட்டது. 1898இல் இருநகரும் ஒன்றாயின. இவற்றை நோக்குவோர் பாலமே இணைப்பிற்குக் காரணம் எனக் கருதுதல் கூடும். ஆயின் உண்மை அதுவன்று. ஹங்கேரியில் தம் நாட்டுக்கு ஒரு தலைநகர் வேண்டும் என்னும் அரசின் விருப்பம் இருந்தது. இணைப்புச் சட்டவாயிலாக நிறைவேறியது. புரூக்ளினிலோ 1894ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இணைப்பை ஆதரித்தோர் எதிர்த்தோரிலும் 277 பேரே மிகுந்திருந்தனர். அச்சிறு பெரும்பான்மையும் கிடைத்தமைக்கு அந்நகரின் நீர்வளம் போதாமையும், கடன்பெறும் உரிமை எல்லையை எட்டியிருந்தமையும் முக்கிய காரணங்களாம். பாலம் வழியைத் திறந்தது. தேவையே மக்களை அவ்வழியில் நடத்தியது.

பாலங்கள் பலவிருந்தும் இணையாத நகரங்களுக்கு மினியாபொலிஸ், சென்ற் போல் என்பன எடுத்துக்காட்டாகும். மிசிசிப்பி ஆற்றின்மீதமைந்த இவ்விரண்டின் மையங்களுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 10 மைலே. இவற்றின் போட்டியோ பெரிது. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே ஒன்றையொன்று விஞ்சும் நோக்குடன் இரண்டும் இல்லாத மனிதரையும் ஏட்டில் ஏற்றியமை வெளிப்பட்டு, மதிப்பு மீண்டும் எடுக்கப்பட்டது. இன்றும் இரண்டிற்கும் தனித்தனி நகர முதல்வர் உளர். எனினும் 1959இல் புறநகர்க் கிணறுகள் பல கழிவுநீராற் கெட்டிருந்தமை சோதனையில் தெரியவந்தபோது, ஒரு நகரின் எல்லைக்குள் நின்று இக்கேட்டினைத் தீர்த்தல் இயலாது என்பது தெளிவாயிற்று. அதன் பயனாக 1967இல் அப்பகுதி முழுமைக்கும் பொதுவான பெருநகர்ப் பேரவை நிறுவப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அதன்பின் வணிக, கைத்தொழிற் சொத்துக்களின் வரிப்பெறுமதியில் உண்டாகும் வளர்ச்சியில் 40 வீதத்தை அப்பகுதியிலுள்ள ஊர்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. பெயரால் இணையாமல் காரியத்தால் இணைந்த முறை இதுவாகும்.

ரெக்சாஸ் மாநிலத்து டலஸ், போர்ட் வேர்த் என்னும் நகரங்கள் இன்னுமொரு பாடத்தைத் தருகின்றன. இவை ஒன்றற்கொன்று ஏறக்குறைய 30 மைல் தூரத்தில் உள்ளன. தனித்தனி விமான நிலையங்களை வைத்துப் போட்டியிட்ட இவ்விரு நகரங்களும் ஒரே நிலையத்தைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும் என 1964இல் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துச் சபை பணித்தது. இரண்டிற்கும் இடையே அமைக்கப்பட்ட பொது விமான நிலையம் 1974இல் திறக்கப்பட்டது. இதற்கிடையே, நடுவிலிருந்த ஆர்லிங்ரன் என்னும் சிற்றூரின் குடித்தொகை 1950இல் 7,692 ஆக இருந்து 2020இல் 3,94,266 ஆக உயர்ந்தது. ஆகவே, இரு நகரங்கள் இணையும்போது மிகப்பெரிய மாற்றத்துக்குள்ளாவது அவ்விரு நகரங்களுமல்ல; அவற்றின் இடையிலுள்ள ஊரேயாம்.

நீரூற்றுக்களின் வரிசை

மேற்கூறியவை முடிந்த வரலாறுகள். இன்னும் முடிவு காணாத ஒன்றை இனி நோக்குவோம். அதே ரெக்சாஸ் மாநிலத்தில் ஒஸ்ரின், சான் அந்தோனியோ என்னும் இரு பெருநகரங்கள் உள. இவற்றிடைத் தூரம் ஏறக்குறைய 80 மைல். சான் அந்தோனியோ 1718இல் ஸ்பானியரால் நிறுவப்பட்டது. 1691இல் புனித அந்தோனியாரின் திருநாளன்று அவ்விடத்து ஆற்றையடைந்த ஸ்பானியர் அவ்வாற்றுக்கு இட்ட பெயரே நகருக்கும் வழங்குகின்றது. ஒஸ்ரின் 1839இல், ரெக்சாஸ் ஒரு தனிக்குடியரசாய் இருந்த காலத்தில், அதன் தலைநகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவ்விரு நகரங்களும் அவற்றிடையுள்ள ஊர்களும் ஒரே கோட்டில் அமைந்தமை தற்செயலன்று. மேற்கே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலமும் கிழக்கே கரிசற் சமவெளியும் உள்ளன. இரண்டும் கூடுமிடத்தில் பல்கோனஸ் என்னும் நிலப்பிளவு ஓடுகின்றது. மேட்டுநிலத்திற் பெய்யும் மழை பாறை வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தின்கீழ்ப் பெருந்தேக்கமாகி, இப்பிளவின் ஓரமாக ஊற்றுக்களாய் வெளிப்படுகின்றது. சுண்ணாம்புப் பாறையில் இறங்கிய மழைநீரை நம்பி வாழ்பவரும் கீரிமலை ஊற்றைக் கண்டவருமாகிய யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வியல்பு புதியதன்று. சான் அந்தோனியோவின் ஊற்றுக்கள், நியூ பிரௌன்பெல்ஸ் என்னும் ஊரிலுள்ள கோமல் ஊற்றுக்கள், சான் மார்க்கோஸ் ஊற்றுக்கள், ஒஸ்ரினிலுள்ள பார்ட்டன் ஊற்றுக்கள் என இவை தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்பட்டுள்ளன. ஊற்றிருந்தவிடத்தில் ஊர் தோன்றிற்று. ஊர்களை இணைத்து வழி தோன்றிற்று. அவ்வழியை அடுத்துப் புகையிரதப் பாதையும், அதன்பின் 35ஆம் இலக்க மத்திய நெடுஞ்சாலையும் அமைந்தன. நீரே இந்நகரங்களை ஒரு நூலிற் கோத்தது எனலாம்.

1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சான் அந்தோனியோவில் 5 இலட்சத்து 87 ஆயிரம் மக்களும், ஒஸ்ரினில் 1 இலட்சத்து 86 ஆயிரம் மக்களும் இருந்தனர். 2020இல் முன்னையதில் 14 இலட்சத்து 34 ஆயிரம் பேரும், பின்னையதில் 9 இலட்சத்து 61 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். புறநகர் மாவட்டங்களையும் சேர்ப்பின் இரு பெருநகர்ப் பகுதிகளின் மொத்தக் குடித்தொகை 48 இலட்சத்தை எட்டியது. இடையூர்களின் வளர்ச்சி இதனினும் விரைவானது. 1960இல் ஏறக்குறைய 15,600 பேரைக் கொண்டிருந்த நியூ பிரௌன்பெல்ஸ் 2020இல் 90,400 பேரைக் கொண்டதாயிற்று. கைல் என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டில் 5,300 பேரே இருந்தனர். இருபதாண்டுகளின் பின் அத்தொகை 45,700 ஆயிற்று. ஆர்லிங்ரனில் நிகழ்ந்தது இங்கும் நிகழத் தொடங்கிவிட்டது. இனி மூவகை இணைப்பையும் இவ்விரு நகரங்களிற் பொருத்திப் பார்ப்போம்.

நிலமும் வாழ்வும்

நிலத்தின் இணைப்பைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வீடுகளும் கடைகளும் பண்டகசாலைகளும் தொடர்ந்து எழுந்து வருவதால் இடைவெளி குறுகிவருகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்பரவல் எத்திசையிலும் ஒத்ததாய் நிகழாது. நெடுஞ்சாலைக்கு மேற்கே, மழைநீர் நிலத்தினுட் புகும் பகுதி உள்ளது. அதனைக் கட்டடங்களாலும் தார்வீதிகளாலும் மூடின், ஊற்றுக்குச் செல்லும் நீர் குறையும். செல்லும் நீரும் மாசுபடும். இதனையுணர்ந்த ஒஸ்ரின் மக்கள் 1992இல் பார்ட்டன் ஊற்றுக்களைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றை வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றினர். சான் அந்தோனியோ மக்களும் 2000ஆம் ஆண்டில், அத்தகைய நிலங்களை வாங்கிக் கட்டடமின்றிக் காப்பதற்காகச் சிறியதொரு விற்பனை வரியைத் தாமே ஏற்றுக்கொண்டனர். எனவே நிலத்தின் இணைப்பு நிகழுமாயின், அது பெரும்பாலும் கிழக்குச் சமவெளிப் பக்கத்தில், நெடுஞ்சாலைகளை ஒட்டிய நீண்ட பட்டியாகவே நிகழும். வட்டமான ஒரு மாநகராக அது அமையாது.

வாழ்வின் இணைப்பை அளப்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் ஒரு முறையுண்டு. அங்கு 'கவுண்டி' எனப்படும் மாவட்டமொன்றிலிருந்து நகர்மையத்துக்குத் தொழில் செய்யச் செல்வோரின் விகிதத்தைக் கணித்து, அது 25 வீதத்தை எட்டின் அம்மாவட்டத்தை அந்நகரின் பகுதியாகக் கொள்வர். அடுத்தடுத்துள்ள இரு பெருநகர்ப் பகுதிகளுக்கிடையே அத்தகைய போக்குவரவு 15 வீதமாயின், அவற்றைத் தளர்ந்ததோர் இணைப்பாகச் சேர்த்தெண்ணுவர். டலசும் போர்ட் வேர்த்தும் இம்முறையால் ஒரே பெருநகர்ப் பகுதியாய் விளங்குகின்றன. ஒஸ்ரினும் சான் அந்தோனியோவும் 2023இல் வெளியான வகுப்பிலும் தனித்தனிப் பகுதிகளாகவே வைக்கப்பட்டன. இத்தனைக்கும் இரண்டிற்குமிடையே எவருக்கும் சேராத மாவட்டம் எதுவுமில்லை. சான் மார்க்கோஸ் உள்ள மாவட்டம் ஒஸ்ரினைச் சேர்ந்தது. அதனையடுத்து, நியூ பிரௌன்பெல்ஸ் உள்ள மாவட்டம் சான் அந்தோனியோவைச் சேர்ந்தது. எல்லைகள் தொட்டுவிட்டன, வாழ்வு கலக்கவில்லை.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று தூரம். 30 மைலை நாள்தோறும் சென்று மீளுதல் இயலும். 80 மைலைச் சென்று மீளுதல் பெரும்பாலார்க்கு இயலாது. 2012இல் முற்றுப்பெற்ற 130ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் மணிக்கு 85 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டும், தூரம் தூரமாகவே உள்ளது. இருநகரையும் பயணிகள் புகையிரதத்தால் இணைக்கும் திட்டமொன்று நெடுங்காலம் பேசப்பட்டது. பாதைக்கு உரிமையுள்ள புகையிரத நிறுவனம் 2016இல் பேச்சிலிருந்து விலகியமையால் அது கைவிடப்பட்டது. மற்றையது தொழில்வேறுபாடு. ஒஸ்ரின் அரசாட்சியையும் பல்கலைக்கழகத்தையும் மின்னணுத் தொழிலையும் சார்ந்தது. சான் அந்தோனியோ படைத்தளங்களையும் மருத்துவத்தையும் சுற்றுலாவையும் பெரிதும் சார்ந்தது. ஒன்றிற் பயின்ற தொழிலாளி மற்றையதில் வேலைதேடும் தேவை குறைவு. ஆயின் இடையூர்களின் நிலை வேறு. சான் மார்க்கோசிலிருந்து ஒஸ்ரின் 30 மைல். சான் அந்தோனியோ 50 மைல். கணவன் ஒரு நகரிலும் மனைவி மற்றை நகரிலும் தொழில் செய்யும் குடும்பத்திற்கு அதுவே ஏற்ற இடம். ஆதலின் வாழ்வின் இணைப்பு இரு மையங்களுக்கிடையே நிகழாது. நடுவிலேயே முதலில் நிகழும்.

ஆட்சி

ஆட்சியின் இணைப்பு நிகழுமென எதிர்பார்த்தற்கு இடமில்லை. ரெக்சாஸ் நகரங்கள் முற்காலத்தில் அயலூர்களைத் தம்முடன் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை மிகுதியும் பெற்றிருந்தன. சான் அந்தோனியோவின் பரப்பு அவ்வாறே பெருகிற்று. ஆயினும் 2017இலும் 2019இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், அங்கு வாழ்வோரின் அல்லது நிலமுடையோரின் இசைவின்றி அவ்வாறு சேர்த்தலைத் தடுத்துவிட்டன. இடையூர்களும் தத்தம் சபைகளையும் வரிகளையும் உடையன. புடாவையும் பெஸ்றையும் இணைத்த அரசின் விருப்பம் இங்கில்லை. புரூக்ளினை உந்திய தேவை மட்டும் ஒருவாறு உண்டு, அது நீர்த்தேவையாகும்.

நீர்

1950களில் ரெக்சாசைப் பீடித்த நெடுவறட்சியின்போது, 1956இல், அம்மாநிலத்தின் மிகப்பெரிய ஊற்றுக்களாகிய கோமல் ஊற்றுக்கள் பல மாதங்கள் வற்றிக்கிடந்தன. நிலக்கீழ் நீரை எடுத்தல் நிலமுடையோனின் உரிமை என்னும் பழைய கொள்கையே அன்று நிலவியது. சான் அந்தோனியோ தன் கிணறுகளில் நீரிறைக்க, நியூ பிரௌன்பெல்சின் ஊற்று வற்றுதலைத் தடுப்பார் எவருமிலர். ஊற்றுக்களில் மட்டும் வாழும் அரிய உயிரினங்களைக் காக்கும் பொருட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1993இல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, எட்வேட்ஸ் நிலநீர்த் தேக்கத்திற்கென ஓர் அதிகாரசபையை மாநிலச் சட்டமன்றம் அமைத்தது. அச்சபை 1996இற் செயற்படத் தொடங்கிற்று. ஆண்டொன்றுக்கு எடுக்கத்தக்க நீரின் அளவு 2007இல் 5,72,000 ஏக்கர்-அடியென வரையறுக்கப்பட்டது. நீர்மட்டம் குறையுங்கால் எல்லோரும் தத்தம் பங்கினைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது விதி. சான் அந்தோனியோவும் ஒரே மூலத்தை நம்பியிருத்தலை விடுத்து, 142 மைல் நீளமான குழாய்வழியே வேறிடத்து நீரை 2020இலிருந்து பெற்றுவருகின்றது.

ஈண்டு ஒரு செய்தி ஊன்றி நோக்கற்பாலது. பல நகரங்களுக்கும் பொதுவாகிய இந்நீர்ச்சபையின் ஆட்சி ஒஸ்ரின்வரை செல்வதில்லை. கைல் என்னும் ஊரின் அண்மையில் நிலத்தின்கீழ் ஒரு நீர்ப்பிரிவு உண்டு. அதற்கு வடக்கேயுள்ள பாறைநீர் பார்ட்டன் ஊற்றுக்களை நோக்கியோட, அதனைக் காப்பதற்கு 1987இல் வேறொரு சபை அமைக்கப்பட்டது. ஒஸ்ரின் நகரோ தன் குடிநீரைக் கொலராடோ ஆற்றிலிருந்து பெறுகின்றது. மேலே வீடுகள் மிக விரைந்து நெருங்கும் அதேயிடத்திலே, கீழே நீரும் அதன் ஆட்சியும் பிரிகின்றன. புதிதாகக் குடியேறுவோர் மிகுதியாய் வந்துசேரும் ஊர்களே இருபுறத்து நீரையும் வேண்டி நிற்கின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் வினாவிற்கு விடை ஒருவாறு புலனாகும். ஒஸ்ரினும் சான் அந்தோனியோவும் நெடுஞ்சாலையோரமாக நிலத்தால் இணையும். வாழ்வால் இடையூர்களில் மட்டும் கலக்கும். ஆட்சியால் இணையா. ஒரு மையத்தைச் சுற்றிய மாநகராக அன்றி, இரு தலைகளையும் நீண்ட உடலையும் உடைய ஒரு பிரதேசமாகவே அவை அமையும். டலசும் போர்ட் வேர்த்தும் அடைந்த நிலையை இவை முற்றாக அடைதற்கு 80 மைல் தூரம் தடையாய் நிற்கும்.

பெயரளவில் ஒன்றாதல் ஒரு நகருக்குப் பெருமை தரலாம், அது கட்டாயமன்று. ஆனால் பொதுவாய் உள்ளதைப் பொதுவாய் ஆளுதல் கட்டாயமாகும். மினியாபொலிஸ் பகுதியில் கிணறுகள் கெட்ட பின்னரே பேரவை பிறந்தது. கோமல் ஊற்று வற்றி முப்பத்தேழு ஆண்டுகள் சென்றபின்னரே சட்டம் பிறந்தது. இரண்டிடத்தும் தீங்கு முந்தியும் அறிவு பிந்தியும் வந்தன. வளரும் நகரங்கள் எந்நாட்டில் இருப்பினும், கட்டடங்கள் தொடுவதற்கு முன்னரே நீருக்கும் வீதிக்கும் வரிக்கும் ஒரு பொது ஒழுங்கினைச் செய்துகொள்ளுதலே அறிவுடைமை. அவ்வொழுங்கு இருப்பின் நகரங்கள் இரண்டாய் இருப்பதாற் குறைவில்லை. அது இல்லையாயின் ஒன்றாய் ஆவதாலும் பயனில்லை.